மகாராஜா அண்ணாகிட்ட மட்டும் சொன்னது

...பின்ன இன்னா மகாராஜா அண்ணா, நான் போயி யாருகிட்ட சொல்லப் போறேன்? நீயே சொல்லு. என் வாயிலேர்ந்து ஒரு வார்த்த வெளிய வரணும்னா மூணு பேரு சேந்து புடிச்சு இழுக்கணும். பென்னலூரு பால்வாடி டீச்சரு ஒரு வருஷமா என்னைய ஊமைன்னே நெனச்சிகினு இருந்தாங்க. எதுனா சொல்லணும்னா கையால ஜாடை காட்டுவாங்க. நானும் கூச்சப்பட்டுகினு திருப்பி ஜாடையே காட்டிட்டு வந்துடுவேன். அப்பேர்ப்பட்டவளப் பாத்து, டாக்டருக்குப் படிக்கற பசங்களுக்குப் பாடம் நடத்தற லூர்தம்மாள் மேடம் கேக்கறாங்க, ரகசியத்த அதுங்களுக்கு வெளிய விட்டது யாருன்னு.

இரு, போர்வைய இழுத்து விடறேன். காலையில பூரா நெஞ்ச அமுக்கிப் பழகிட்டு, சாப்புட மணியானதும் உன்னைய அப்படியே சட்ட இல்லாம போட்டுட்டு ஓடிடுதுங்க. ரப்பரு ஒடம்புன்னா மானம் இல்லியா? மொத நாளு உன்னப் பாத்து எனக்கு எவ்ளோ கூச்சம் தெரியுமா. பக்கத்து கட்டில்ல யாரோ ஆம்பள படுத்துகினு கீறாரு, நான் எப்படி இந்தக் கட்டில்ல படுக்கறதுன்னு வாசல்லயே அர மணி நேரம் நின்னுட்டேன். அப்புறம் இந்த மிஷினெல்லாம் பாத்துக்கற ஐயனாரு வந்து, பொம்மைமா அது, கட்டிலுக்கு அடியில பாரு, பிளக்கு சொருவிக் கீதுன்னு குனிஞ்சு காட்டினாரு. பொம்மைன்னு சொன்னாலும் மனசு கேக்குதா? கண்ண மூடி மூடித் தொறக்கற. நெஞ்சு ஏறி எறங்குது. அதான் அண்ணான்னு கூப்ட்டேன். அண்ணான்னு கூப்ட்டுட்டா பக்கத்துல படுத்தா தப்பில்ல பாரு.

மகாராஜான்னு பேரு வெச்சது பசங்கதான். நாள் பூரா நீ படுத்துகினு கீற, சுத்தி ஒம்போது பேரு கை கட்டி நிக்கறாங்க, பின்ன வேற இன்னா பேரு வெப்பாங்க.

உனக்கு ஒரு கஷ்டமும் இல்ல. உன்னைய நோயாளின்னே செஞ்சு பெட்டியில போட்டு அனுப்பிட்டாங்க. நான் நல்லா கீறவ. நல்லா இருந்துகினு நோயாளியா நடிக்கணும். அதுவும் யாரு எதிர்ல? எல்லாம் கடைசி வருஷத்துப் பசங்க. படிச்சு முடிச்சிட்டு ஆளுக்கொரு பெரிய ஆஸ்பத்திரிக்கு ரெசிடென்ட் டாக்டரா போவப் போறவங்க. அங்க போனா ராவும் பகலும் வார்டுலயே கெடக்கணுமாம், பக்கத்துல நின்னு சொல்லிக் குடுக்க ஆளு இருக்காதாம். அதனால போறதுக்கு முன்னாடி எங்கள மாதிரி ஊர்ப் பொம்பளைங்கள படுக்க வெச்சு, நோயாளிகிட்ட எப்படிக் கேக்கறது, எப்படிப் பேசறதுன்னு பழக்கறாங்க. இந்த பேட்ச்சு போனா அடுத்த பேட்ச்சு வரும். வருஷம் பூரா வேல கீது.

எனக்கு இந்த வேல போவக் கூடாதுண்ணா. அத மட்டும் சொல்லிட்டேன். இதுக்கு முன்ன ஒரகடத்துல ஒரு கம்பெனியில ஒயரு கட்டற லைன்ல நின்னேன். வாரம் மாத்தி வாரம் நைட் ஷிஃப்டு. ஒரு நாளு காலையில கம்பெனி பஸ்ஸுலேர்ந்து எறங்கி, தலையில தொப்பி மூஞ்சில மாஸ்க்கோட அப்படியே வூட்டுக்குள்ள போறேன், எம்பொண்ணு யுவஸ்ரீ, "ப்பா, யாரோ ஆன்ட்டி வந்துகீறாங்க"ன்னு கத்துது. மாஸ்க்க கழட்டினேன். அப்பவும் கொஞ்ச நேரம் யோசிச்சுட்டுதான் வந்துச்சு. இங்க வந்த பொறவு ஒம்போதுக்கு வர்றேன், மூணுக்குப் போறேன். அது பால்வாடிலேர்ந்து வெளிய வரும்போது நான் கேட்டாண்ட நிக்கறேன். ஓடியாந்து காலக் கட்டிக்குது. ஆன்ட்டின்னு கூப்புடறதில்ல.

சரி, கேளு. நேத்து நடந்தத உனக்கு மொதல்லேர்ந்து சொன்னாதான் புரியும். நீ பக்கத்துலயே படுத்துகினுதான் இருந்த, இருந்தாலும் கண்ண மூடி மூடித் தொறக்கறதுல பாதிய உட்டுருப்ப.

நாங்க பண்ற வேலையில ஒரு கார்டு உண்டு. எனக்கு இன்னா நோயி, எப்ப வந்துச்சு, எல்லாம் அதுல எழுதி இருக்கும். கடைசியில ஒரு ரகசியம் இருக்கும். அத டாக்டரு கேட்டா மட்டும் சொல்லணும். கேக்கலன்னா உயிரே போனாலும் வாயத் தொறக்கக் கூடாது. நான் ஏழாவதோட நின்னவ, நான் எழுத்துக்கூட்டிப் படிச்சு முடிக்கறதுக்குள்ள கார்டுல கீற பொம்பள செத்தே போயிடுவா. அதனால ஐயனாரு ஒரு தபா படிச்சுக் காட்டுவாரு. காதுல கேட்டா புடிச்சிக்குவேன். ஆனா வாய் விட்டு ஒரு தபா சொல்லிப் பாத்தாதான் உள்ள உக்காரும். மனுசங்க எதிர்ல சொல்லலாம்னா நாக்கு மேலண்ணத்துல ஒட்டிக்குது. திங்கக்கெழம அப்படித்தான் பாதியில மறந்து போயி, எத்தினி கொழந்தன்னு கேட்டதுக்கு தலை சுத்துதுன்னு சொல்லிட்டேன். அதுக்கப்புறம்தான் தெனம் சாப்பாட்டு நேரத்துல உன்கிட்ட சொல்லிப் பாக்கறது.

திங்கக்கெழம கார்டுல நான் தலை சுத்தி விழுந்தவ. ஏன் விழுந்தேன்னா, மாமியாரோட பிரஷர் மாத்திரைய சத்து மாத்திரைன்னு நெனச்சு தெனம் முழுங்கிகினு கீறேன். வேற எதுனா மாத்திரை சாப்புடறீங்களாம்மான்னு கேட்டா போதும், சொல்லிடுவேன். நானும் படுத்துகினு இப்ப கேப்பான், இப்ப கேப்பான்னு பாக்கறேன். மொத வந்தவன் என் மூஞ்சியவே பாக்கல, கம்ப்யூட்டர தட்டிகினே இருந்தான். அடுத்து வந்த பொண்ணு எத்தினி நாளா தலை சுத்துதுன்னு கேட்டுச்சு. மூணு நாளான்னேன். ஓகேன்னுச்சு. கொஞ்ச நேரங்கழிச்சு எத்தினி நாளான்னுச்சு. எட்டு தபா கேட்டுச்சுண்ணா. கடைசியில எனக்கே சந்தேகம் வந்து நாலு நாளான்னு சொல்லிட்டேன்.

அப்புறம் வந்தாம் பாரு பிரசன்னா. ஒட்டடக் குச்சி மாதிரி ஒசரம், நல்ல புள்ள, ஆனா பயந்தாங்கொள்ளி. நாடி பாக்கறேன்னு என் கையப் புடிக்கறான், அவன் நடுங்கற நடுக்கத்துல என் வளையலு கிலுகிலுன்னு ஆடுது. பக்கத்துல ஸ்டூல்ல ஷீபா. அவ எனக்கு மாமியாரா நடிக்கறவ. என்னைய விட ஒரு வயசு சின்னவ, ஆனா தலையில முக்காடு போட்டு ஒரு சத்தம் உட்டான்னா நெஜ மாமியாருங்க எல்லாம் எழுந்து நிக்கணும். எவ்ளோ நேரம் காக்க வெப்பீங்க, என் மருமவளுக்கு எதுனா ஆச்சுன்னா இந்த ஆஸ்பத்திரி இருக்காதுன்னு அவ ஆரம்பிச்சதும், பிரசன்னா மாமியார கொஞ்சம் வெளிய இருக்கச் சொல்லிட்டு என்கிட்ட தனியா கேக்கணும். அதான் பாடம். இவன் இன்னா பண்ணான் தெரியுமா? சாரிம்மா, சாரிம்மான்னுட்டு இவனே வெளிய போயி நின்னுகினான்.

ஒம்போது பேரும் ஃபெயிலு. எனக்கே பாவமா போச்சு. எங்களுக்கும் மார்க்கு போடற பேப்பரு குடுப்பாங்க, டாக்டரு மரியாதையா பேசினாரான்னு. எல்லாருக்கும் அஞ்சுக்கு அஞ்சு போட்டேன். மேடம் திட்டினாங்க. வெளிய போயி நின்னவனுக்கு ஏம்மா அஞ்சுன்னாங்க. மரியாதையாதான் போனான்னு சொல்லலாம்னு பாத்தேன், வாய் வரல.

செவ்வாக்கெழம மறுபடியும் அதே கார்டு. உன்கிட்ட ஒரு தபா நல்லா சொல்லிப் பாத்துட்டுப் போயி படுத்தேன். ரெண்டு மணிக்கு மொத ஆளு கதவ தொறக்கறான். வணக்கம் சொல்லல, பேரு கேக்கல. மாமியாரோட மாத்திரை எங்கம்மான்றான். எனக்கு தூக்கி வாரிப் போட்டுது. அடுத்தது அந்த எத்தினி நாளா பொண்ணு. அது கொஞ்சம் வெவரமானது, நேரா கேக்கல. உங்க வூட்ல யாருக்குனா பிரஷர் இருக்குதாம்மா, முக்கியமா உங்க வூட்டுக்காரரைப் பெத்தவங்களுக்கு, அதுலயும் பொம்பளைக்குன்னு சுத்தி வளைக்குது. ஒம்போது பேரும் பாஸு.

லூர்தம்மாள் மேடத்துக்குக் கோவம் வந்தா கொரலு ஏறாது, எறங்காது. லாரி ரிவர்ஸ் எடுக்கும்போது ஒரு சத்தம் வருமே, அது மாதிரி ஒரே சீரா வரும். அந்தக் கொரல்ல, யாரோ சொல்லிக் குடுத்துட்டாங்கன்னாங்க. சொல்லிட்டு கார்ட மாத்தினாங்க.

நேத்து குடுத்த புதுசு இன்னான்னா, நான் கம்பெனியில லைன்ல நிக்கறவ. பாத்ரூம் போவணும்னா மாத்து ஆளு வரணும், அதுக்கு பயந்துகினு ஷிஃப்டு பூரா தண்ணியே குடிக்காம இருந்து மயக்கம் போட்டுட்டேன். இதுக்கு எனக்கு நடிப்பே வேணாம், ரெண்டு வருஷம் பண்ணது. நல்லா உருக்கமா வந்துச்சுண்ணா, உன்கிட்ட சொல்லும்போதே எனக்குக் கண்ணு கலங்கிடுச்சு. நீ கூட ரெண்டு தபா கண்ண மூடின.

ரெண்டு மணி. மொத ஆளு உள்ள வர்றான், கையில தண்ணி பாட்டிலு. நோயே சொல்லல நான், மூடியத் தொறந்து குடிங்கம்மான்றான். அடுத்த ஆளு, அவ கையிலயும் பாட்டிலு. எட்டு பேரு எட்டு பாட்டிலு. வேணாம்னு சொல்ல எனக்கு எங்க வருது? எல்லாத்தையும் குடிச்சேன். வயிறு உப்பி மத்தளம் மாதிரி கீது. கடைசியில பிரசன்னா வந்தான். அவன் கையில பாட்டிலு இல்ல. அப்பாடான்னு பாத்தா எளநி. கேட்டாண்ட எளநிக்காரர்கிட்ட வெட்டி, ஸ்ட்ராவும் போட்டு எடுத்தாந்துட்டான். மாமியாருக்கு ஒண்ணு தனியா. நான் படுத்துகினு எளநி குடிக்கறேன், ஷீபா முக்காட்டுக்குள்ள எளநி குடிக்கறா, மேடம் கதவாண்ட நின்னு பாக்கறாங்க.

அதோட முடிஞ்சிது. கிளாஸு முடிஞ்சதும் நோயாளியா நடிக்கற எங்க அஞ்சு பேரையும் நிக்க வெச்சாங்க. நாளைக்கு மூணாவது கார்டு, அதுவும் வெளிய போச்சுன்னா உங்க யாரும் வேணாம், மெட்ராசுலேர்ந்து நாடகக்காரங்கள வரவழைச்சுக்கறேன்னாங்க. அப்புறம் என்னைய மட்டும் ரூமுக்குக் கூப்ட்டாங்க. கூப்ட்டு வெச்சுகினு, உன் கூடவே உக்காந்துகினு கீறது ஷீபாதான, அவளான்னு கேட்டாங்க.

நான் தலைய ஆட்டினேன்.

அப்படிப் பாக்காத. ஆமான்னு ஆட்டல. எனக்கு அது பழக்கம்ணா. யாரு பெரியவங்க எதிர்ல நின்னு இன்னா கேட்டாலும் தலை தானா ஆடிடும். லைன்ல சூப்பர்வைசரு ஓவர்டைம் பாக்கறியான்னா ஆட்டுவேன். எனக்குக் கல்யாணமே அப்படி ஆட்டினதுல ஆனதுதான், நல்ல வேளையா மனுசன் நல்லவரா அமைஞ்சாரு. மேடம் கேக்கும்போது நான் அவங்க மேசையில கீற ஸ்டேப்ளர பாத்துகினு நின்னேன், தலை அது பாட்டுக்கு ஆடிடுச்சு. அவங்க சரின்னாங்க. இல்ல மேடம்னு ரெண்டு வார்த்த. ரெண்டே வார்த்த. சொல்லாமயே வெளிய வந்துட்டேன்.

இன்னிக்கிக் காலையில ஷீபா வந்ததும் வாசல்லயே நிறுத்தி, வூட்டுக்குப் போவ சொல்லிட்டாங்க. ஊரையே கிழிக்கறவ, பைய மாட்டிகினு திரும்பினா. என்னைய ஒரு பார்வ பாத்தா. நான் தரையப் பாத்தேன். இன்னிக்கி அவ ஸ்டூல்ல ஐயனாருதான் முக்காடு போட்டுகினு மாமியாரா உக்காரப் போறாராம். மீசையோட.

ஒருவேள அவளாவே இருந்தாலும் இருக்கும், சொல்ல முடியாது. எல்லார்கிட்டயும் பேசறவ. வாட்ச்மேன் பொண்டாட்டிக்கு இது எத்தினாவது மாசம்னு அவளுக்குத் தெரியும், கேன்டீன்ல நாளைக்கு இன்னா கொழம்புன்னு அவளுக்குத் தெரியும். அப்படிப் பேசறப்ப வாய் தவறி... ஆனா ஒண்ணு. மாமியாருக்கு ரகசியம் தெரியக் கூடாதுன்னு அவளுக்கு கார்டு படிச்சுக் காட்டறதே இல்ல. தண்ணி கார்டு எனக்குத் தெரியும், ஐயனாருக்குத் தெரியும், மேடத்துக்குத் தெரியும். ஷீபாவுக்கே தெரியாததா, அவ எப்படி போயி...

சரி, உடு. மணி ஆவுது. இன்னிக்கி கார்ட சொல்லிப் பாத்துடறேன், நல்லா கேளு. இது ரொம்ப ரகசியம், மேடமே கையால எழுதி ஐயனாரு காதுல சொல்லி, ஐயனாரு என் காதுல சொன்னது. எனக்குத் தலை சுத்துது, படபடன்னு அடிச்சுக்குது, ராத்திரில தூக்கம் இல்ல. ஏன்னா நாத்தனாரு கல்யாணத்துக்குள்ள எளைக்கணும்னு ஆன்லைன்ல ஒரு பொடி வாங்கி, வெந்நீர்ல கலக்கி மூணு வேளையும் குடிக்கறேன். அத அரிசி டப்பாவுல, அரிசிக்கு அடியில ஒளிச்சு வெச்சிருக்கேன். மாமியார வெளிய அனுப்பிட்டு, பயப்படாம சொல்லுங்கம்மா, யாருகிட்டயும் சொல்ல மாட்டேன்னு கேட்டா மட்டும்தான் சொல்லணும். மறுபடியும் சொல்லவா? பொடி. அரிசி டப்பா. அடியில...

இன்னாண்ணா, இருமற?

ஐயனாரண்ணே, நீங்களா? சாப்பாட்டு நேரத்துல எதுக்கு மைக்க புடிச்சுகினு இந்தப் பொம்மை வாயால இருமறீங்க, கிளாஸு ரெண்டு மணிக்குதான. பயந்தே பூட்டேன்.

இன்னா? எது ஆஃப் பண்ணல? கேமராவா?

இந்த ரூம்ல பேசறது எங்க கேக்குது? பசங்க உக்காந்து சாப்புடற ரூம்லயா. டிவிலயா. நான் தெரியறேனா? போர்வ போத்தி உட்டது எல்லாமா...

எத்தினி நாளா?

செவ்வாயிலேர்ந்து. ஐயோ. நீங்க ஆஃப் பண்ணப் போனா பசங்க, அண்ணா இருக்கட்டும்ணா, அக்கா கத வருதுன்னு சொல்லித் தடுத்தாங்களா. நீங்களும் தட்டத் தூக்கிகினு அங்க போயி உக்காந்துட்டீங்களா. இன்னிக்கி மட்டும் ஏன் இருமினீங்க அப்ப?

மேடம் அங்க கீறாங்களா.

எப்ப வந்தாங்க? ஐயனாரண்ணே, நெஜத்த சொல்லுங்க, லாரி ரிவர்ஸுக்கு முன்னாடியா, பின்னாடியா?

...முன்னாடி.

இல்ல, நான் அங்க வரமாட்டேன். அவங்க மூஞ்சியப் பாத்தா எனக்கு ஒண்ணும் வராது, மறுபடியும் தலையதான் ஆட்டுவேன். அவங்கள அங்கயே உக்காரச் சொல்லுங்க. நான் இதுகிட்டயே சொல்லிடறேன். மகாராஜா அண்ணா, நீ கண்ண மூடிக்கோ.

"மேடம், ஷீபா இல்ல. நான்தான். அவ ஒண்ணுமே பண்ணல. நீங்க கேக்கும்போது இல்லன்னு சொல்லாம தலைய ஆட்டிட்டேன். என்னைய நிறுத்திக்கோங்க, அவள கூப்டுக்கோங்க."

சொல்லிட்டேன். சொல்லிட்டேண்ணா. இப்பக் கண்ணத் தொறந்துக்கோ.

இன்னா சொல்றாங்க ஐயனாரண்ணே? சிரிக்காம சொல்லுங்க. யாரு சிரிக்கறது, அந்த எத்தினி நாளா பொண்ணா? அதுக்கு இன்னிக்கி ரெண்டு மார்க்குதான்.

ஷீபாவுக்கு நானே போன் பண்ணணுமா. நானே மன்னிப்பு கேட்டு நானே கூப்டணுமா. அவ வந்து ஸ்டூல்ல உக்காந்தா நானும் கட்டில்ல படுக்கலாம், அவ வரலன்னா ரெண்டு பேருக்கும் வேல இல்ல. சரி. நியாயம்தான். வேற ஒரு கார்டு ரெடியா கீதாம், அத அவங்களே என் காதுல சொல்லுவாங்களாம். வெளிய தோட்டத்துல வெச்சு. சரி.

இங்கேர்ந்தேவா? ஸ்பீக்கர்ல போட்டு இந்தப் பொம்மை பக்கத்துல வெக்கணுமா? எதுக்கு?

பசங்க கேக்கணுமாம். நெஜமா கோவத்துல கீறவங்க எப்படிப் பேசுவாங்கன்னு இதுங்களுக்குத் தெரியணுமாம். நான் குறுக்க பேசக் கூடாதாம். சமாதானம் சொல்லக் கூடாதாம், காரணம் சொல்லக் கூடாதாம், அவ முடிக்கற வரைக்கும் கேக்கணுமாம்.

மேடம், அவ முடிக்க மாட்டா மேடம்.

சரி. போடறேன். ரிங்கு போவுது.

ஷீபா? நான் பூர்ணிமா பேசறேன். வெச்சுடாத. ஷீபா, நான்தான்பா. பொம்மைகிட்ட சொன்னேன், அதுக்குள்ளேர்ந்து எல்லாருக்கும் கேட்டுகினு இருந்துச்சாம். உன் மேல பழி வந்தப்ப நான் இல்லன்னு சொல்லல. மன்னிச்சுக்கோ. ரெண்டு மணிக்குள்ள நீ வரணும். மேடம் கூப்டறாங்க. நான் கூப்டறேன்.

...

ம்.

ம்.

ஆமா.

ம்... ம்...

ஆமா, நான் அப்படித்தான்.

ம்.

ம்... இல்ல, இன்னும் சாப்புடல.

ம்.